ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ரே



நம் வேதியியல் ஆய்வகத்தில் உங்களை முதன்முதலில் வியக்க வைத்த சோதனை எது என்று கேட்டால், பலர் மயில்துத்தச் சோதனையைத்தான் சொல்வீர்கள். சோதனைக் குழாயில் வெளிர்நீலக் கரைசல். அதில் அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டால் முதலில் கலங்கிய வீழ்படிவு ஒன்று தோன்றும். மேலும் சில துளிகள் விட்டால் அந்தக் கலக்கம் முழுவதும் மறைந்து, மயிலின் கழுத்தைப் போன்ற ஆழ்ந்த நீலம் பளிச்சிடும். இராஜபாளையத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மயில்துத்தம் புதிதன்று. சுண்ணாம்புடன் அதைக் கரைத்துப் பூஞ்சை நோய்க்குத் தெளிப்பதைப் பார்த்திருப்பார்கள்.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது? தாமிர சல்பேட்டு முழுமையான ஓர் உப்பு. அம்மோனியாவும் முழுமையான ஒரு பொருள். இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று தேவையே இல்லாதது போலத் தோன்றுகிறது. அப்படியிருந்தும் அவை சேர்கின்றன. ஏன் சேர்கின்றன, எப்படிச் சேர்கின்றன என்னும் கேள்வி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெரிய வேதியியலாளர்களையே திகைக்க வைத்தது. அக்கேள்வியின் ஒரு பகுதியைத் தம் இளமையில் கையிலெடுத்த இந்தியர் ஒருவர் இருந்தார். அவரே நம் நாட்டின் நவீன வேதியியலுக்குத் தந்தை எனப் போற்றப்படும் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ரே. அவருடைய வாழ்வை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இளமைப் பருவம்

பிரபுல்ல சந்திரர் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், வங்காளத்தில் ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. தந்தை ஹரிஷ் சந்திர ரே நிலக்கிழார்; கல்வியில் மிகுந்த பற்றுடையவர்; வீட்டிலேயே நல்லதொரு நூலகம் வைத்திருந்தவர். தாயார் புவனமோகினி தேவி.

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் 1870-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹேர் பள்ளியில் சேர்ந்த சிறுவன் நன்றாகப் படித்து வந்தான். ஆனால் 1874-இல் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் அவனைத் தாக்கிற்று. பள்ளியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. அந்நோயின் விளைவாக வயிற்றுக் கோளாறும் தூக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

வேறொரு சிறுவனாக இருந்தால் துவண்டிருப்பான். பிரபுல்லனோ தந்தையின் நூலகத்தில் அடைக்கலம் புகுந்தான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வகுப்பும் தேர்வும் இல்லாமல் தன் விருப்பம் போலப் படித்தான். வரலாறு, வாழ்க்கை வரலாறு, இலக்கியம், பிறமொழிகள் என எதையும் விடவில்லை. நோய் தந்த ஓய்வைக் கல்வியாக மாற்றிக்கொண்ட அந்த இரண்டு ஆண்டுகளே பிற்காலப் பேரறிஞருக்கு அடித்தளமாயின.

உடல் தேறியபின் ஆல்பர்ட் பள்ளியிலும், பிறகு வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் பயின்றார். வேதியியல் வகுப்புக்காக மட்டும் பிரசிடென்சிக் கல்லூரிக்குச் சென்று வந்தார். அங்கே பெட்லர் என்னும் ஆசிரியர் செய்து காட்டிய சோதனைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. இலக்கியத்தில் மூழ்கியிருந்த இளைஞர் வேதியியலுக்குத் தம்மை ஒப்படைத்தார்.

எடின்பரோவில்

அக்காலத்தில் கில்கிரிஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. பல மொழிகளில் தேர்ச்சி காட்டினால்தான் அத்தேர்வில் வெல்ல முடியும். பிரபுல்ல சந்திரர் அதற்காக அமைதியாகப் படித்து, இந்தியாவிலிருந்து வென்ற இருவருள் ஒருவரானார். 1882-இல் கப்பலேறி ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். கிரம் பிரவுன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளைக் கேளுங்கள். தாமிரம், மெக்னீசியம் முதலிய உலோகங்களின் சல்பேட்டுகள் வேறு சல்பேட்டுகளுடன் கைகோத்து இரட்டை உப்புகளாகப் படிகமாவதைப் பற்றிய ஆராய்ச்சி அது. மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு இந்தக் குடும்பத்தில் ஓர் உறவினர் நன்கு தெரியும். பருமனறி பகுப்பாய்வில் நீங்கள் எடைபோட்டு எடுக்கும் மோர் உப்புதான் அது. மோர் என்றதும் நம் வீட்டு மோர் நினைவுக்கு வரும். அது மோர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளரின் பெயர். இரும்பின் சல்பேட்டும் அம்மோனியம் சல்பேட்டும் ஆறு மூலக்கூறு நீரும் சேர்ந்து அழகிய வெளிர்பச்சைப் படிகமாக அது அமைகிறது.

இங்கும் அதே கேள்விதான். தம்மளவில் நிறைவுற்ற உப்புகள் மீண்டும் ஏன் சேர வேண்டும்? நீர் அதற்குள் என்ன செய்கிறது? இளைஞர் ரே அந்தப் படிகங்களைப் பொறுமையாக ஆராய்ந்து 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தின் ஹோப் பரிசும் கிடைத்தது. ஆனால் முழு விடை அன்று யாருக்கும் தெரியாது. அது வேறொரு நாட்டில், வேறொருவர் மூலமாக வர வேண்டியிருந்தது.

இருநூற்றைம்பது ரூபாய் ஆசிரியர்

1888-இல் தாயகம் திரும்பியவருக்கு வரவேற்பு காத்திருக்கவில்லை. கல்வித்துறையின் உயர்பணி ஏறக்குறைய ஐரோப்பியருக்கே உரியதாக இருந்த காலம் அது. ஓராண்டுக் காலம் வேலையின்றி இருந்தார். அப்போது அவருக்கு இடமளித்து ஆதரித்தவர் நண்பர் ஜகதீஸ் சந்திர போஸ். 1889-இல் பிரசிடென்சிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அதே தகுதியுள்ள ஐரோப்பியர் பெற்ற பதவியும் ஊதியமும் அவருக்கு இல்லை.

அந்த மனக்குறையை அவர் பாடத்தில் காட்டவில்லை. மூத்த பேராசிரியர்கள் மேல்வகுப்புகளையே விரும்புவது வழக்கம். ரே அவர்களோ கல்லூரிக்குப் புதிதாக வரும் இளம் மாணவர்களுக்குத் தாமே பாடம் நடத்தினார். ஒவ்வொரு பாடத்தையும் சோதனையுடன் விளக்கினார். எரித்த எலும்பின் சாம்பல் தூய கால்சியம் பாஸ்பேட்டுதான் என்பதைக் காட்ட, வகுப்பிலேயே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாராம். ஆசாரம் மிகுந்த அந்தக் காலத்தில் மாணவர்கள் திடுக்கிட்டுப் போவார்களாம். நம் ஆய்வகத்தில் இதை யாரும் பின்பற்ற வேண்டாம்! ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது என்ன என்பதையே அறிவியல் பார்க்கும் என்ற பாடத்தை அந்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாட்டெலும்பிலிருந்து மருந்து

படித்த இளைஞர்கள் எழுத்தர் வேலைக்காக வாசல் வாசலாக ஏறி இறங்குவது அவரை வருத்திற்று. நம் நாட்டுப் பொருள்களிலிருந்து நாமே மருந்து செய்தால் என்ன என்று எண்ணினார். 1892-இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலுடன், தாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

இறைச்சிக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகள் வந்து இறங்கின. அவை மாடியில் காய்ந்தன. நாற்றம் பொறுக்காத அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவற்றை வேறிடத்தில் எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்து பாஸ்பேட்டு மருந்துகள் செய்தார். பகலில் கல்லூரி, மாலையில் தொழிற்சாலை, இரவில் கணக்கு என்று நோயுற்ற உடலோடு உழைத்தார்.

அப்போது இடிமேல் இடி விழுந்தது. துணைநின்ற உறவினரான இளம் வேதியியலாளர் ஒருவர் ஆய்வகத்தில் நஞ்சுக்கு இரையானார். வலக்கரமாக விளங்கிய மருத்துவ நண்பர் அமூல்ய சரண் போஸ் 1898-இல் பிளேக் நோயில் மறைந்தார். தொழிலை மூடிவிடும்படி பலர் அறிவுரை கூறியிருக்கலாம். அவர் மூடவில்லை. 1901-இல் அது முறையான கம்பெனியாக உருவெடுத்தது. பிற்காலத்தில் இந்திய அரசின் நிறுவனமாயிற்று. இந்தியரால் தொடங்கப்பட்ட முதல் மருந்து நிறுவனம் என்ற பெருமை அதற்கு உண்டு.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தறிகளின் ஓசையை நாம் அறிவோம். சிறிய முதலும் கூட்டு உழைப்பும் ஓர் ஊரை எப்படி நிமிர்த்தும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையைத் தொழில் தெரியாத காலத்திலேயே விதைத்தவர் ரே.

பாதரசமும் பழைய ஏடுகளும்

1896-இல் அவர் பெயர் ஐரோப்பாவுக்கும் எட்டியது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மிகுதியான பாதரசத்தை இட்டு வைத்திருந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் உண்டாயின. ஆராய்ந்து பார்த்ததில், எளிதில் சிதையக்கூடியவை என்று கருதப்பட்ட இரண்டு அயனிகள் சேர்ந்து நிலைத்து நின்ற சேர்மம் அது என்று தெரியவந்தது. அதுதான் மெர்குரஸ் நைட்ரைட்டு. அதைத் தொடர்ந்து பல உலோகங்களின் நைட்ரைட்டுகளை அவரும் மாணவர்களும் ஆராய்ந்தனர். நைட்ரைட்டு ஆசான் என்றே அவரை வேதியியல் உலகம் அறிந்துகொண்டது.

பாதரசம் நம் பகுதிக்கு அந்நியமான சொல் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே நிற்கும் சதுரகிரியைச் சித்தர் மலை என்றே மக்கள் அழைக்கின்றனர். சித்த மருத்துவத்தில் இரசம், கந்தகம், தாளகம், வெங்காரம் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. வட இந்தியாவிலும் இத்தகைய இரச நூல்கள் வடமொழியில் இருந்தன. பிரெஞ்சு நாட்டு வேதியியல் பேரறிஞர் பெர்த்தலோ தந்த ஊக்கத்தால், ரே அந்த ஏடுகளைத் தேடிப் படித்தார். இந்து வேதியியல் வரலாறு என்னும் நூலின் முதல் தொகுதி 1902-இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் தொகுதியும் வந்தது. முன்னோர் செய்த வடித்தல், பதங்கமாக்கல், உலோகங்களைப் பொடித்தல் முதலிய செய்முறைகளை அவர் பெருமையுடன் எடுத்துக்காட்டினார். அதே சமயம், கைத்தொழில் செய்வோரைத் தாழ்வாக எண்ணிய சாதி வழக்கமே இந்நாட்டில் அறிவியல் வாடியதற்குக் காரணங்களுள் ஒன்று என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். பழமையைப் போற்றுவதும் அதன் பிழையைச் சொல்வதும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

கேள்விக்கு விடை

இதற்கிடையில் அந்த இரட்டை உப்புக் கேள்வி என்ன ஆயிற்று? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆல்பிரட் வெர்னர் என்னும் 26 வயது இளைஞர் 1893-இல் விடை கண்டார். உலோக அணு தன் நேரடி இணைப்புகளைத் தவிர, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள அண்டைப் பொருள்களையும் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு. அவை தாறுமாறாக நில்லாமல் ஒழுங்கான வடிவில் நிற்கின்றன. மயில்துத்தத்தில் தாமிரத்தைச் சூழ்ந்த நீரின் இடத்தை அம்மோனியா பிடித்துக்கொள்வதால்தான் நீலம் ஆழமாகிறது. மோர் உப்பிலுள்ள ஆறு நீர் மூலக்கூறுகளும் இரும்பைச் சூழ்ந்தே நிற்கின்றன. இவ்வாறு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பொருளை ஈனி என்றும், உருவாகும் சேர்மத்தை அணைவுச் சேர்மம் என்றும் இன்று படிக்கிறோம். வெர்னர் 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

தாம் தொட்ட கேள்விக்கு இன்னொருவர் விடை கண்டுவிட்டாரே என்று ரே வருந்தவில்லை. பிற்காலத்தில் அவரே அத்துறைக்குத் திரும்பி, கந்தகமுள்ள கரிமப் பொருள்கள் பிளாட்டினம், தங்கம், இரிடியம் ஆகிய உலோகங்களுடன் சேர்வதை மாணவர்களுடன் ஆராய்ந்தார்.

சிறு அறையில் பெருவாழ்வு

1916-இல் அவர் பிரசிடென்சிக் கல்லூரியிலிருந்து விலகி, புதிதாக எழுந்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். அக்கல்லூரியிலேயே ஓர் அறை அவர் இல்லமாயிற்று. திருமணம் செய்துகொள்ளாத அவர் இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். எளிய கதராடை, சில நூல்கள், ஒரு கட்டில். ஏழை மாணவர் சிலர் எப்போதும் அவருடனேயே தங்கிப் படித்தனர். மாலையில் மைதானத்தில் உலாவச் செல்லும்போதும் மாணவர் கூட்டம் உடன் செல்லும்.

1919-இல் ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. 1921-இல் அறுபது வயது நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரும் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கே விட்டுக்கொடுத்தார். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை, அதாவது ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், அப்படியே நடந்துகொண்டார். 1922-இல் வடவங்காளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அவர் அழைப்பை ஏற்று இலட்சக்கணக்கான ரூபாயும் துணியும் தானியமும் வந்து குவிந்தன. தள்ளாத உடலுடன் அவர் அந்த நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். நூற்பதைத் தம் அன்றாடக் கடமையாகக் கொண்டார்.

நம் இராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசுவாமி ராஜா, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தும், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டதை நாம் அறிவோம். கொடுப்பதில் இருவரும் ஓரினத்தவர்.

1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அவரே முதல் தலைவர். ஆனால் அவருடைய பெருஞ்செல்வம் மாணவர்களே. மேகநாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ், நீல்ரத்தன் தர், ஞானச்சந்திர கோஷ் எனப் பெயர்கள் நீளும். நம் மாணவியருக்காக இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அதே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்ற அசீமா சட்டர்ஜி 1944-இல், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். நம் ஊர் வேலியோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலுள்ள மருந்துப் பொருள்களை ஆராய்ந்தவர் அவர். 1975-இல் இந்திய அறிவியல் காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார்.

ஆசான் விட்ட இடத்தில் மாணவர்

மாணவர்களுள் பிரியதரஞ்சன் ரே என்பவர் தனியே குறிப்பிடத்தக்கவர். 1888-இல் பிறந்த இவர் பிரசிடென்சிக் கல்லூரியில் ஆச்சார்யாவிடம் பயின்றார். ஆய்வக வெடிப்பு ஒன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். வேதியியலோ நிறங்களைப் பார்த்தே அறியும் கலை! அவர் அதை விட்டுப் போகவில்லை. எஞ்சிய பார்வையைக் கொண்டே, இந்தியாவில் அணைவு வேதியியலுக்கு முன்னோடியானார்.

ரூபியானிக் அமிலம் என்னும் ஈனியைக் கொண்டு மிக நுண்ணிய அளவிலும் உலோகத்தைக் கண்டுபிடிக்க அவர் வழி காட்டினார். தாமிரம் இருந்தால் கரும்பச்சை. நிக்கல் இருந்தால் நீலம். கோபால்ட்டு இருந்தால் பழுப்பு. பைகுவனைடு என்னும் மற்றோர் ஈனியைக் கொண்டு பல உலோகங்களுக்கு அணைவுகள் செய்தார். இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டியர் பலர் சர்க்கரை நோய்க்கு உண்ணும் மெட்ஃபார்மின் மாத்திரை அந்தப் பைகுவனைடு குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கோபால்ட்டு அணுவை மூன்று பைகுவனைடுகள் பற்றும்போது, அது மூன்று இறக்கை மின்விசிறியைப் போல அமைகிறது. இறக்கைகளின் சாய்வு இடப்பக்கமாகவும் இருக்கலாம், வலப்பக்கமாகவும் இருக்கலாம். ஒருபக்கச் சாய்வுள்ளதைத் தனியே பிரித்துக் கரைசலாக வைத்தால், நாளடைவில் இரண்டும் சமமாகக் கலந்துவிடுகிறது. எப்படி? இறக்கை கழன்று மறுபடி மாட்டிக்கொள்கிறதா? கழலாமலேயே முறுக்கித் திரும்ப முடியும் என்று பிரியதரஞ்சனும் அவருடைய மாணவர் தத்தும் 1943-இல் விளக்கினர். உலகெங்கும் வேதியியல் நூல்களில் அது ரே–தத் முறுக்கு என்றே வழங்குகிறது. ஆச்சார்யா மறைவதற்கு முந்திய ஆண்டு அது. எடின்பரோவில் 1880-களில் இளைஞர் ஒருவர் தொட்ட கேள்வியின் வழியில், அவர் மாணவரும் மாணவரின் மாணவரும் இவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள்.

முக்காலியும் தேளும்

அந்த வழி இன்னும் முடியவில்லை. பற்றிக்கொள்ளும் ஈனி நழுவாமல் இருக்க என்ன செய்யலாம்? நம் பாட்டியர் அதற்கு விடை வைத்திருந்தார்கள். மூன்று கற்களை வைத்து அடுப்புக் கூட்டினால் எந்தத் தரையிலும் பானை ஆடாது. வேதியியலாளரும் அதையே செய்தனர். பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரத்திலும், கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரிலும் உள்ள போரான் என்னும் தனிமத்தை அடியில் வைத்தார்கள். அதிலிருந்து நைட்ரஜன் நுனியுள்ள மூன்று வளையங்களைக் கால்களாக எழுப்பினார்கள். அந்த மூன்று நுனிகளும் உலோக அணுவின் ஒரு பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் வேதிவினைக்குத் திறந்திருக்கும். 1966-இல் அமெரிக்காவில் டிராஃபிமெங்கோ என்பவர் இதை உருவாக்கினார். இரண்டு கால்கள் கொடுக்குகளாகக் கவ்வ, மூன்றாவது வளைந்து வந்து கொட்டுவதால் இதற்குத் தேள் ஈனி என்று பெயரிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நண்டு, இறால், தேள் ஆகியவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பன்று, தாமிரம். அதனால் ஆக்சிஜன் சேரும்போது அந்த இரத்தம் நீலமாகிறது. இரண்டு தாமிர அணுக்களுக்கு நடுவே ஆக்சிஜன் எப்படி அமர்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1989-இல் இந்தத் தேள் ஈனியின் துணைகொண்டே தெளிவாக்கினர். நம் ஆய்வகத்தின் நீலக் கரைசலுக்கும் வீட்டுக் கொல்லையில் ஊரும் தேளுக்கும் உறவு இருக்கிறதென்றால், இறைவன் படைப்பின் ஒழுங்கை என்னென்பது!

மறைவு

ஆச்சார்யா ரே எழுபத்தைந்தாம் வயதில் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தச் சிறு அறையை விட்டு அகலவில்லை. 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், தம் மாணவர்கள் சூழ்ந்த அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். அவர் மறைந்த பன்னிரண்டாம் ஆண்டில், 1956-இல், அவருடைய வேதியியல் வரலாற்று நூலைத் திருத்தி விரிவாக்கிப் புதுப்பதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் அதே பிரியதரஞ்சன். ஆசானின் கேள்வியை வளர்த்த மாணவர், ஆசானின் நூலையும் காத்தார். 2011-இல் லண்டன் ராயல் வேதியியல் கழகம் ஆச்சார்யாவின் நினைவாகக் கல்கத்தாவில் பலகை பதித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அக்கழகம் பதித்த முதல் நினைவுப் பலகை அது.

மாணவியரே, நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நோயுற்ற உடலும் 250 ரூபாய்ச் சம்பளமும் விடை தெரியாத ஒரு கேள்வியுமே ஆச்சார்யாவிடம் கொடுக்கப்பட்ட தாலந்துகள். அவற்றை அவர் புதைத்து வைக்கவில்லை. தம் கேள்விக்குத் தாமே விடை காண வேண்டும் என்றும் அடம் பிடிக்கவில்லை. தெரிந்ததைக் கற்பித்தார், சம்பாதித்ததைக் கொடுத்தார், மீதியை மாணவர்களிடம் விட்டுச் சென்றார்.

அடுத்த முறை சோதனைக் குழாயில் அந்த நீலம் தோன்றும்போது, மதிப்பெண்ணுக்காகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அதைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே விடை காணலாம். அல்லது பிற்காலத்தில் உங்களிடம் படிக்கும் ஒரு சிறுமி காணலாம். இரண்டும் நன்றே.